வைஃபை முழுக் கோடு, இணையம் மட்டும் இல்லை: ரீசெட் ஓட்டையில் ஊசியைக் குத்தும் முன்

கேள்வி இதுதான். வீட்டில் ஃபைபர் இணைப்பு. மூன்று நாளாக ஃபோனிலும் லேப்டாப்பிலும் வைஃபை முழுக் கோடு காட்டுகிறது, கூடவே ‘இணையம் இல்லை’ என்றும் எழுதுகிறது. சில நேரம் வாட்ஸ்அப் செய்தி மட்டும் போகிறது, மற்றதெல்லாம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. மாமனார் ஃபோனில் மட்டும் ஏனோ எல்லாம் வருகிறது. ரவுட்டரைப் பல முறை அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று. பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியைக் குத்தி ரீசெட் செய்துவிடலாமா?

வேண்டாம். இப்போதைக்கு அந்த ஊசியை எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

அந்த ஓட்டைக்குள் இருக்கும் பொத்தானைச் சில விநாடி அழுத்தினால் ரவுட்டர் கடையிலிருந்து வந்த நாளின் நிலைக்குப் போய்விடும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் போவது சின்ன விஷயம். இணைப்பு கொடுக்க வந்தவர் அன்று உட்கார்ந்து தட்டிவிட்டுப் போன பிபிபிஓஇ (PPPoE, உங்கள் ரவுட்டர் கம்பெனியின் வலைக்குள் நுழையும் முறை) பயனர் பெயர், அதன் கடவுச்சொல், சில இடங்களில் விலேன் எண் (VLAN, கம்பெனி வலையில் உங்கள் இணைப்பு ஓடும் தடத்தின் எண்), எல்லாமே அழிந்துவிடும். அவற்றை யாரும் எழுதி வைத்திருப்பதில்லை. அதுவரை ஒரு கோளாறுதான் இருந்தது, குத்திய பிறகு இரண்டு. லைன்மேன் வந்து தெருவில் அறுந்த கேபிளை ஒட்டிவிட்டுப் போனாலும் உங்கள் வீட்டில் மட்டும் நெட் வராது. இந்தத் தொழிலில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். ‘ரீசெட் பண்ணிட்டேன் சார்’ என்ற வார்த்தை ஃபோனில் கேட்டாலே அன்றைக்கு நேரில் போக வேண்டிய வேலை ஒன்று கூடிவிட்டது என்று அர்த்தம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வைஃபை வேறு, இணையம் வேறு. வைஃபை கோடு என்பது உங்கள் ஃபோனுக்கும் ஹாலில் இருக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள பத்தடி, இருபதடி தூரத்தின் நலத்தை மட்டும் சொல்வது. குழாய் பளபளவென்று இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் இல்லை என்ற கதைதான். தெருவில் ஃபைபரை யாராவது வெட்டிப் போட்டிருந்தாலும் கோடு நான்கும் நிமிர்ந்துதான் நிற்கும். ஆகவே எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எதையும் தொடக் கூடாது. ஃபோன், ரவுட்டர், ஃபைபர் பெட்டி, தெரு, இணைப்பு தரும் கம்பெனி என்று வீட்டுக்குள்ளிருந்து வெளியே ஒவ்வொரு படியாக நடந்துபோனால், அறுந்த இடம் தானே தெரிந்துவிடும்.

நடக்கத் தொடங்கும் முன் வீட்டில் இருக்கும் எல்லா ஃபோனிலும் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் பார்த்தால் கண்டதெல்லாம் பொய். வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் இன்றைய ஃபோன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், மேலே வைஃபை சின்னம் மட்டும் அப்படியே நிற்கும். உங்கள் மாமனார் ஃபோன் அதிசயத்துக்கு விளக்கம் பெரும்பாலும் இதுதான். டேட்டாவை அணைத்த பிறகும் அவர் ஃபோனில் ஓடினால் அது முக்கியமான தகவல்: லைன் நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் கருவிகளில். அவர் ஃபோனிலும் நின்றுவிட்டால் உங்கள் லேப்டாப்பை நோண்டுவதில் பயனில்லை, பெட்டிக்குப் போங்கள்.

அந்த ‘இணையம் இல்லை’ அறிவிப்பு எங்கிருந்து வருகிறது என்றும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வைஃபையில் சேர்ந்ததும் ஃபோனோ லேப்டாப்போ தன் மென்பொருளைச் செய்த கம்பெனியின் ஒரு குறிப்பிட்ட முகவரியைத் தட்டிப் பார்க்கும். ஆண்ட்ராய்டு கூகுளின் முகவரி ஒன்றைக் கேட்டு, 204 என்ற எண்ணோடு வெறுமையான பதிலை எதிர்பார்க்கும். விண்டோஸ் மூன்றே சொல் உள்ள ஒரு சின்னக் கோப்பைக் கேட்கும். எதிர்பார்த்தது வந்தால் இணையம் உண்டு, வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் சோதனை. அதனால் அந்த ஒரு முகவரி மட்டும் எதிலாவது மாட்டிக்கொண்டால், இணையம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இல்லை என்று எழுதும். அறிவிப்பைப் பார்த்ததும் பதறாமல், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு தளங்களைத் திறந்து பாருங்கள்.

இரண்டு என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. 2021 அக்டோபர் 4, நம் நேரப்படி இரவு ஒன்பது மணி தாண்டி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க ஒன்றாகப் படுத்தன. ஏறக்குறைய ஆறு மணி நேரம். அந்தக் கம்பெனி தன் சொந்தக் கணினி வலையமைப்பில் செய்த மாற்றம் ஒன்றில், தன் முகவரிகளைத் தானே உலக வரைபடத்திலிருந்து அழித்துக்கொண்டது. அன்றிரவு என் ஃபோன் ஓயவே இல்லை. ‘நெட் வரல’ என்று கூப்பிட்டவர்களிடம் யூடியூப் போட்டுப் பாருங்கள் என்றேன், ஓடியது. அதற்குள் இரண்டு பேர் ஊசியைக் குத்தியிருந்தார்கள்.

இப்போது பெட்டிக்கு வருவோம். ஃபைபர் வீட்டுக்குள் நுழையும் பெட்டியை ஓஎன்டி என்போம். சில வீடுகளில் அதுவே ரவுட்டரும். சில வீடுகளில் ஓஎன்டி தனி, அதிலிருந்து ஒரு லேன் கேபிள் ரவுட்டருக்குப் போகும். ஓஎன்டியின் முகப்பில் பான் (PON), லாஸ் (LOS) என்று இரண்டு விளக்குகள் இருக்கும். பான் பச்சையாக அசையாமல் எரிந்தால், கம்பெனியின் இயந்திரம் உங்கள் பெட்டியை அடையாளம் கண்டுகொண்டது என்று அர்த்தம். பான் மினுக்கிக்கொண்டே இருந்தால் இன்னும் கை குலுக்க முயன்றுகொண்டிருக்கிறது. லாஸ் விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஃபைபரில் ஒளியே வரவில்லை, அல்லது போதவில்லை. லாஸ் சிவப்பாக இருக்கும்போது ரவுட்டர் பக்கத்தில் நீங்கள் என்ன செய்தாலும் வீண். அணைத்துப் போடுவதும் வீண்.

ஆனால் சிவப்பைப் பார்த்ததும் உடனே தெருவைக் குறை சொல்லிவிடாதீர்கள். பெட்டியின் பின்னால் பாருங்கள். சுவரில் இருக்கும் சின்ன டப்பாவிலிருந்து பெட்டிக்கு வரும் மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளைக் கயிறுதான் பேட்ச் கார்டு. உள்ளே ஓடுவது கண்ணாடி. டிவி ஸ்டாண்டைச் சுவரோடு ஒட்டித் தள்ளினால், அல்லது யாராவது அழகாக இருக்கட்டும் என்று அதைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால், அந்த மடிப்பில் ஒளி வழிந்துபோகும். ஒடிய வேண்டும் என்று கூட இல்லை, இறுக்கமாக வளைந்தாலே போதும். போன மாதம் ஒரு வீட்டில் ஆயுத பூசைக்குத் துடைத்த கையோடு போன நெட், ஸ்டாண்டை நாலு விரற்கடை முன்னால் இழுத்ததும் வந்துவிட்டது. நான் தொட்டது ஸ்டாண்டை மட்டும்தான்.

அந்தக் கார்டின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் தலை பெரும்பாலும் பச்சையாக இருக்கும். பச்சைத் தலையின் கண்ணாடி முனை எட்டு டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத் தலை நேராகத் தேய்த்தது. கடையில் கிடைத்ததே என்று நீலத்தை வாங்கிப் பச்சைத் துளையில் சொருகினால் உள்ளே போய் உட்காரும், ஒளிதான் ஒழுங்காகத் தாண்டாது. ஒன்று சொல்லிவிடுகிறேன், கண்டிப்பாகக் கேளுங்கள். கார்டைக் கழற்றி, வெளிச்சம் வருகிறதா என்று முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி 1490 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இருட்டாகத்தான் இருக்கும், ஆனால் லேசர் கண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும். விரலால் முனையைத் துடைப்பதும் வேண்டாம். கை எண்ணெய் பட்டால் அதுவே புதிய கோளாறு.

ஒளி எவ்வளவு வருகிறது என்று ஓஎன்டி பக்கத்திலேயே பார்க்கலாம். பிரவுசரில் 192.168.1.1 என்று போட்டு உள்ளே போனால் ‘ஆப்டிகல்’ என்றோ ‘பான்’ என்றோ ஒரு தலைப்பில் ‘ஆர்எக்ஸ் பவர்’ என்று ஓர் எண் இருக்கும். எப்போதும் மைனஸில்தான் இருக்கும். −15 முதல் −24 வரை என்றால் நிம்மதியாக இருக்கலாம். −27ஐ நெருங்கினால் விளிம்பு. எண் இன்னும் மூன்று இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு, அதாவது −20இல் இருந்தது −23 ஆனால் பாதி, −26 ஆனால் கால். இந்த விளிம்பில் இருக்கும் லைன்தான் மனிதனைப் பைத்தியமாக்கும். காலையில் ஓடும், மதியம் விழும், லைன்மேன் வந்து நிற்கும்போது நன்றாக ஓடும். தெருவில் மழை நீர் இறங்கிய ஜாயின்ட்டோ, அணில் பல் பட்ட கேபிளோதான் காரணமாக இருக்கும். மூன்று நாளாக வந்து வந்து போகிறது என்கிறீர்கள், அதனால் இந்த எண்ணைக் காலையிலும் இரவிலும் குறித்து வையுங்கள். ‘நெட் சரியில்லை’ என்ற புகாருக்கு வராத ஆள், ‘பவர் −28 காட்டுது’ என்றால் வருவார்.

விளக்கெல்லாம் சரி, லாஸ் இல்லை, பான் பச்சை. அடுத்த படி, ரவுட்டருக்கு வெளி முகவரி கிடைத்திருக்கிறதா? அதே 192.168.1.1 பக்கத்தில், சில ரவுட்டரில் 192.168.0.1இல், ‘வேன்’ (WAN, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்கம்) நிலை என்று ஒரு பக்கம் உண்டு. அங்கே ஐபி முகவரி 0.0.0.0 என்று இருந்தால் அல்லது பிபிபிஓஇ ‘டிஸ்கனெக்டட்’ என்று இருந்தால், ஒளி வந்தும் கம்பெனி உங்களை உள்ளே விடவில்லை. முதல் சந்தேகம் பிளான் மேல்தான். முன்பணம் கட்டும் இணைப்புகளில் நள்ளிரவில் பிளான் முடிந்திருக்கும், குறுஞ்செய்தி வேறு யாரோ ஒருவர் எண்ணுக்குப் போயிருக்கும், பெரும்பாலும் இணைப்பு எடுத்தபோது கொடுத்த பழைய எண்ணுக்கு. சில கம்பெனிகள் இணைப்பைத் துண்டிக்காமல், எதைத் திறந்தாலும் பணம் கட்டும் பக்கத்துக்குத் திருப்பிவிடுவார்கள். இப்போது ஏறக்குறைய எல்லாத் தளமும் பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ் வழியில் ஓடுவதால் அந்தத் திருப்பல் வேலை செய்யாது. பக்கம் சும்மா சுற்றும், உங்களுக்குக் காரணமே தெரியாது. இதற்கு மட்டும் மொபைல் டேட்டாவைப் போட்டு, கம்பெனியின் செயலியைத் திறந்து தேதியைப் பார்த்துவிடுங்கள். சிரிப்பாக இருந்தாலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிளான் உயிரோடு இருந்தும் ‘டிஸ்கனெக்டட்’ என்றால், கரண்ட் போய் வந்த கதையாக இருக்கலாம். கரண்ட் திடீரென்று போகும்போது உங்கள் ரவுட்டர் கம்பெனியிடம் போய் வருகிறேன் என்று சொல்லாமலே செத்துவிடுகிறது. கம்பெனியின் கணினியில் உங்கள் பழைய செஷன், அதாவது நீங்கள் உள்ளே இருப்பதாகப் போட்ட பதிவு, இன்னும் திறந்தே கிடக்கும். ஒரே நேரத்தில் ஒரு செஷன்தான் என்று விதி வைத்திருந்தால், புதிதாக வரும் உங்களையே யாரோ என்று நினைத்துத் தள்ளிவிடும். பத்து விநாடியில் அணைத்துப் போட்டு அணைத்துப் போட்டுப் பார்ப்பதில் இதனால்தான் பலன் இல்லை. பத்து நிமிடம் அணைத்தே வையுங்கள், ஒரு காபி குடித்து வாருங்கள். பிறகு ஓஎன்டியை மட்டும் போட்டு, பான் அசையாமல் நின்ற பிறகு ரவுட்டரைப் போடுங்கள். நீங்கள் செய்த பல முறையையும் இந்த ஒரு முறையையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள்.

வேன் பக்கத்தில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடும் ஏற்பாடு அது.

இங்கே அடாப்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. ரவுட்டரோடு வரும் 12 வோல்ட் அடாப்டர் இரண்டு மூன்று கோடைக்காலம் டிவிக்குப் பின்னால் வெந்து கிடந்தால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் உப்பிவிடும். விளக்கெல்லாம் எரியும், வைஃபை பெயரும் தெரியும், ஆனால் நாலு பேர் சேர்ந்து வீடியோ பார்க்கத் தொடங்கியதும் மின்சாரம் போதாமல் ரவுட்டர் தானாக மறுபடி தொடங்கும். வெளியில் இருப்பவர்களுக்கு அது ‘நெட் அடிக்கடி போகுது’. பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் அதே வோல்ட், அதற்குக் குறையாத ஆம்பியர் உள்ள வேறு அடாப்டரைப் போட்டு ஒரு நாள் பாருங்கள். வோல்ட் மாறக் கூடாது, ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம்.

இனி வீட்டுக்குள் நடக்கும் திருவிளையாடல். ஒரு வீட்டில் நெட் மட்டுமல்ல, ரவுட்டர் பக்கமே திறக்கவில்லை. வைஃபையில் சேர்ந்தால் சேரும், 192.168.1.1 என்று போட்டால் வெறும் வெள்ளைப் பக்கம். ரவுட்டரின் லேன் விளக்குகளில் இரண்டு மட்டும் பேய் பிடித்த மாதிரி ஒரே வேகத்தில் படபடத்துக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தேன். ஒரே நீல நிற லேன் கேபிள், ஒரு முனை முதல் துளையில், மறுமுனை மூன்றாம் துளையில். பேரன் கல்லூரிக்குப் போனபோது கணினியிலிருந்து கழற்றிப் போட்ட கேபிள் அது. பாட்டியைக் கேட்டேன். ‘வயர் சும்மா தொங்கிக்கிட்டு இருந்துச்சு தம்பி, காலு தட்டிடும்னு நான்தான் சொருகி வச்சேன்’ என்றார். ஒழுங்கு படுத்தத்தான் செய்தார். ஆனால் ரவுட்டர் எல்லோருக்கும் என்று அனுப்பும் செய்தி ஒரு துளையில் வெளியேறி மறு துளையில் தனக்கே திரும்பி வந்து, மறுபடி எல்லோருக்கும் போய், ஒரு நொடிக்குள் வலையையே அடைத்துவிடும். ஒரு முனையைப் பிடுங்கினேன், விளக்குகள் அமைதியாயின, சமையலறையிலிருந்து யாரோ ‘வந்துருச்சு’ என்று குரல் கொடுத்தார்கள்.

மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் வாங்கிப் போட்டவர்கள் இன்னொரு வகை. கீழ் ரவுட்டரும் 192.168.1.1, மேல் ரவுட்டரும் 192.168.1.1 என்றால் மேல் ரவுட்டருக்கு எது தன் வீடு, எது தெரு என்று தெரியாது. மாடி வைஃபையில் முழுக் கோடு, இணையம் சுத்தமாக இல்லை. மேல் ரவுட்டரின் முகவரியை 192.168.5.1 என்று மாற்றினால் தீர்ந்தது. அல்லது கேபிளை அதன் வேன் துளையில் போடாமல் லேன் துளையில் போட்டு, அதற்கு 192.168.1.2 என்று முகவரி கொடுத்து, அதன் டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள். டிஎச்சிபி என்பது வீட்டுக்கு வரும் ஒவ்வொரு கருவிக்கும் எண் கொடுத்து உட்கார வைக்கும் வேலை. ஒரு வீட்டில் இரண்டு பேர் எண் கொடுக்கக் கூடாது, அதுதான் விஷயம். நீங்கள் மாடியைப் பற்றி எதுவும் எழுதவில்லை, ஆனால் இரண்டாவது பெட்டி எங்காவது இருந்தால் முதலில் அதன் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுச் சோதியுங்கள்.

ஒரே ஒரு கருவியில் மட்டும் வரவில்லை என்றால் அந்தக் கருவியின் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், எண் கேட்டுக் கேட்டு யாரும் கொடுக்காததால் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அர்த்தம். அந்த வைஃபையை ‘மற’ என்று கொடுத்து மறுபடி கடவுச்சொல் போட்டுச் சேருங்கள். அலுவலகத்துக்காக எப்போதோ நிலையான ஐபி போட்டு வைத்திருந்தால் ‘தானாகப் பெறு’ என்று மாற்றுங்கள். லேப்டாப்பில் தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும், அந்தத் தேதிக்கு இன்றைய தளங்களின் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. எல்லாத் தளமும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று மறுக்கும். விபிஎன் செயலி போட்டவர்கள் அதை அணைத்தால் மட்டும் போதாது, ‘விபிஎன் இல்லாமல் இணைப்பைத் தடு’ என்ற அமைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் எனக்கு அடிக்கடி மாட்டுவது இன்னொன்று. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் ‘தனிப்பட்ட டிஎன்எஸ்’ என்று ஓர் அமைப்பு உண்டு. விளம்பரம் வராமல் இருக்க அங்கே ஒரு பெயரைப் போடச் சொல்லி யாராவது வீடியோ போட்டிருப்பார்கள், பிள்ளைகளும் போட்டிருப்பார்கள். அந்தப் பெயருக்குரிய சர்வர் தூங்கிவிட்டால் அந்த ஃபோனுக்கு மட்டும் உலகமே இருட்டு. அதை ‘தானியங்கு’ என்று மாற்றினால் அந்த நொடியே வந்துவிடும்.

டிஎன்எஸ் என்ற பெயர் வந்துவிட்டது, உங்கள் கேள்வியின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் அறியும். நாம் தட்டும் பெயரை எண்ணாக மாற்றித் தரும் தொலைபேசிப் புத்தகம்தான் டிஎன்எஸ், 1983 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. கம்பெனியின் டிஎன்எஸ் சர்வர் படுத்துவிட்டால் சாலையெல்லாம் நன்றாக இருக்கும், ஆனால் யாருக்கும் விலாசம் தெரியாது. ஏற்கெனவே திறந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் வாட்ஸ்அப் போன்ற செயலி கொஞ்ச நேரம் ஓடும், புதிதாகத் திறக்கும் பக்கம் எதுவும் வராது. நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே இது.

சோதிப்பது சுலபம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பிங் கட்டளை கொடுங்கள்: ping என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, முகவரி. அந்த முகவரியைத் தட்டிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது. முதலில் 192.168.1.1. பதில் வந்தால் ரவுட்டர் வரை பாதை சரி. அடுத்து 8.8.8.8. அது 2009இல் கூகுள் திறந்த பொது டிஎன்எஸ் சர்வரின் எண். பதில் வந்தால் உங்கள் வீட்டிலிருந்து உலகம் வரை பாதை சரி. மூன்றாவதாக ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் டிஎன்எஸ்தான் குற்றவாளி. ரவுட்டரின் டிஎன்எஸ் பெட்டியில் முதல் இடத்தில் 1.1.1.1, இரண்டாம் இடத்தில் 8.8.8.8 என்று எழுதிச் சேமித்து, ஃபோனை ஒரு முறை வைஃபையிலிருந்து விலக்கிச் சேருங்கள். முதலாவது கிளவுட்ஃபிளேர் 2018 ஏப்ரல் 1 அன்று திறந்தது. தேதியைப் பார்த்து அன்று பலர் ஏமாற்று என்றே நினைத்தார்கள்.

பெயருக்கும் பதில் வருகிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை, வாட்ஸ்அப்பில் எழுத்து போகிறது, படம் போகவில்லை என்றால் குற்றவாளி வேறு. இணையத்தில் தகவல் சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் போகும். சாதாரணமாக ஒரு பொட்டலம் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஇ தன் முத்திரைக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492தான் மிச்சம். ரவுட்டரில் எம்டியூ (MTU, பொட்டலத்தின் உச்ச அளவு) என்ற இடத்தில் யாராவது 1500 என்று வைத்துவிட்டால், சின்னப் பொட்டலமெல்லாம் நுழைந்துவிடும், பெரியது வாசலில் இடித்து நிற்கும். எழுத்துச் செய்தி சின்னது, படம் பெரியது. அந்த எண்ணை 1492 என்று மாற்றுங்கள், அதுவும் போதாவிட்டால் 1480 வைத்துப் பாருங்கள். புதிதாக வாங்கிய ரவுட்டரில், அல்லது கம்பெனி பெட்டியை ‘பிரிட்ஜ்’ முறைக்கு மாற்றி, உள்நுழையும் வேலையைத் தனி ரவுட்டரிடம் விட்ட வீடுகளில் இது அதிகம்.

வைஃபை அலை நெரிசலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அடுக்குமாடியில் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருபது வீடு முட்டிக்கொண்டிருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் சேருங்கள். லேப்டாப்பை ஒரு லேன் கேபிளால் ரவுட்டரில் நேரடியாகச் சொருகிப் பார்த்தாலே அலைதான் காரணமா என்று தெரிந்துவிடும். கேபிளிலும் வரவில்லை என்றால் வைஃபையை மறந்துவிடலாம்.

உங்களுக்கு இன்றிரவுக்கான வேலை இதுதான். மொபைல் டேட்டாவை அணைத்து மாமனார் ஃபோனைப் பாருங்கள், பிளான் தேதியைப் பாருங்கள், லாஸ் விளக்கையும் ஆர்எக்ஸ் எண்ணையும் குறியுங்கள், பிறகு மூன்று பிங். என் ஊகம் டிஎன்எஸ் அல்லது விளிம்பில் நிற்கும் ஒளி, இரண்டில் ஒன்று. வாட்ஸ்அப் மட்டும் ஓடும் நேரத்தில் பிங் செய்தால் எது என்று பிரிந்துவிடும்.

கம்பெனியைக் கூப்பிட வேண்டி வந்தால், ‘நெட் வரல’ என்று தொடங்காதீர்கள். அப்படிச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் கையில் உள்ள தாளைப் பார்த்து ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார், கொஞ்சம் விட்டால் ரீசெட்டும் செய்யச் சொல்வார். ‘பான் பச்சை, லாஸ் இல்லை, பவர் −22, பிபிபிஓஇ மட்டும் ஏறவில்லை’ என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். பேச்சு உடனே அடுத்த மேசைக்குப் போகும். புகாருக்கு டாக்கெட் எண், அதாவது பதிவு எண், கேட்டு வாங்குங்கள், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அதை அவர்கள் கொடுத்தாக வேண்டும். ஆள் வராமலே ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தால், அந்த எண்ணை வைத்துத்தான் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத முடியும்.

இவ்வளவுக்கும் பிறகு அவர்களே ரீசெட் செய்யச் சொன்னால், பயனர் பெயரும் பிபிபிஓஇ கடவுச்சொல்லும் விலேன் எண்ணும் என்ன என்று அதே அழைப்பில் கேட்டு ஒரு தாளில் எழுதி, ரவுட்டரின் அடியில் ஒட்டிவிட்டு, அதற்கப்புறம் ஊசியை எடுங்கள்.